துளுக்காத கடா

1954ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள கருக்குமலைத் தோட்டத்தில், லொறியிலிருந்து ஆறு செம்மறிகள் இறக்கப்பட்டன. ஐந்து பெட்டை, ஒரு கடா. அவுஸ்திரேலியாவிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தவை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் தோட்டத்து வெள்ளாடுகள் நாற்பத்தொன்றும் வெளியேற்றப்பட்டிருந்தன. புதிதாகத் தேயிலைக் கன்று வைத்த மலையில் நிழலுக்கு நட்டிருந்த முள்முருங்கைக் கன்றுகளை அவை ஒரே வாரத்தில் மொட்டையடித்திருந்தன. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, ஆடுகளை வெளியேற்றிய அன்று காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்குப் பிரியுமுன், நெடுநேரம் பேசினார். யுத்தகாலத்தில் கடற்படையில் இருந்தபோது செயின்ட் ஹெலினா என்ற தீவில் அவர் இறங்கியிருக்கிறார். எப்போதோ மாலுமிகள் கொண்டுவந்து விட்ட வெள்ளாடுகள் அங்கே பெருகி, காட்டைத் தின்று தீர்த்து, மரம் போனபின் மண்ணும் கடலுக்குப் போய், வெறும் பாறை நின்றதைத் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். தீவுக்கு வெள்ளாடு ஆகாது, இலங்கையும் தீவுதான் என்று முடித்தார். இவ்வளவையும் கண்டாக்கு, அதாவது மலைவேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், ஒரே வரியில் தமிழில் சொன்னார்: ஆடு மலையைத் தின்றுவிடும்.

தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர்களில் மூத்தவனான மூக்கன் கையை உயர்த்தினான்.

"எந்த மலையங்க தின்னுச்சு?"

"அது வேற மல. கடலுக்கு நடுவுல இருக்கு."

"அந்த மலையத் தின்ன ஆட்ட விட்டுப்புட்டு நம்ம ஆட்டப் புடிச்சா எப்பிடிங்க?"

சிரிப்பு எழுந்தது. ஆடுகள் போய்விட்டன.

செம்மறி குனிந்து புல் மேயும், மரத்தில் கால் வைத்து ஏறாது என்பது துரையின் எண்ணம். பங்களாவுக்கு மேலே இருந்த புல்வெளியில் வேலி அடித்து அவற்றை விட்டார்கள். பங்களாப் பசுக்களைப் பார்த்துவந்த பத்திநாதனிடமே இந்தப் பொறுப்பும் வந்தது. பத்திநாதன் கத்தோலிக்கர், ஐம்பது வயது, குறைவாகப் பேசுகிறவர். இப்படிப்பட்ட ஆட்டை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து மக்களுக்குச் செம்மறி புதிதல்ல. ஆனால் அவர்கள் கேள்விப்பட்ட செம்மறிக்கு உடம்பில் குட்டை மயிர்தான் இருக்கும். இவை ஒரு சாண் கம்பளியோடு உருண்டையாக நின்றன. அவற்றுக்கு 'மெத்தை' என்று பெயர் வைத்தார்கள்.

எண்ணிப் பார்த்தால், அந்த மலையில் ஆள் கொண்டுவராத விலங்கு குறைவு. பங்களாவின் பசுக்களுடைய பாட்டிகள் ஸ்கொட்லாந்தில் பிறந்தவை. துரையின் வேட்டை நாய்கள் இங்கிலாந்து. தேயிலை ஆலையான ஸ்டோரில் ஓடும் எலி எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் வந்ததென்று யாருக்கும் தெரியாது. முன்பிருந்தே இருந்த மரையும் காட்டுப்பன்றியும் மந்தியும் மலை முகட்டில் மிஞ்சியிருந்த காட்டோரத்துக்கு ஒதுங்கிவிட்டன. வந்தவற்றில் சில மலையைத் தின்றன, சில மலைக்கு ஒத்துப்போயின, சில செத்தன. மெத்தைகளுக்கு ஜூன் மாத மழை ஒத்துக்கொள்ளவில்லை. குளம்பு அழுகியது. பத்திநாதன் பழைய கவ்வாத்துக் கத்தி ஒன்றால் அழுகலைச் செதுக்கி மருந்து போட்டார். முதல் வருடம் ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் செத்தன. பிழைத்தவற்றில் ஒன்று, கரிய முகத்துக் கடாக்குட்டி.

கவ்வாத்து என்பது நாலு வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு மலைக்கு முறை வரும். இடது கையால் கிளையை வளைத்துப் பிடித்து, வலது கையால் கத்தியைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். கத்தி சவரக்கத்தி போலத் தீட்டப்பட்டிருக்கும். சரிவில் நிலைகொள்ள இடது கால் செடியை ஒட்டி முன்னால் நிற்கும். காயம்படாமல் ஒரு பருவம் முடிந்தால் அது பெரிய காரியம். ஆகவே கவ்வாத்துக்கு ஒரு சாமி உண்டு. வெட்டப்போகும் மலையின் தலைமாட்டில் மூன்று கல் நட்டு, குங்குமம் வைத்து, தேய்ந்த கத்திகளைச் சாத்துவார்கள். முதல் செடியில் கத்தி படுமுன் ஒரு வெள்ளாட்டுக் கடாவை வெட்ட வேண்டும்.

கடாவை வெட்டுவதற்கும் சாமி உத்தரவு தர வேண்டும். மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் உத்தரவு கிடைத்தது என்று பொருள். அதற்குத் துளுக்கு என்று பெயர். துளுக்காத ஆட்டை வெட்டுவதில்லை. துளுக்கு கிடைக்காமல் மலையில் இறங்குவதும் இல்லை. துளுக்கியதா இல்லையா என்று சொல்லும் உரிமை கவ்வாத்துக் கங்காணிக்கு. கருக்குமலையில் பத்தொன்பது வருடமாக அது ஆண்டியப்பன்.

1954 ஆகஸ்டில் ஆடு இல்லை. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவரவும் துரை சம்மதிக்கவில்லை. ஆண்டியப்பன் தர்க்கம் செய்யவில்லை. தேங்காய் உடைத்து, எலுமிச்சை அறுத்து, சாமி நம்ம சாமிதானே, தேங்காய் போதும் என்று சொல்லி ஆட்களை இறக்கினார். நாலாம் நாள் அழகுமுத்துவின் கத்தி ஈரக் கிளையில் வழுக்கி அவன் இடது காலின் முன்னெலும்பில் இறங்கியது. காயம் பழுத்து, காய்ச்சல் கண்டு, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அழகுமுத்துவுக்கு வயது இருபத்தெட்டு. ஆண்டியப்பனின் தங்கை மகன். ஊன்றுகோல் பழகியபின் அவனுக்கு ஸ்டோரில் கிழிந்த கொழுந்துச் சாக்குகளைத் தைக்கும் வேலை கொடுத்தார்கள்.

ஆண்டியப்பனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் லயத்தில் ஒரு பேச்சு பிறந்துவிட்டது. கடைக்காரன் அரிசியைக் குறைத்து அளந்தால் 'தேங்கா போதும்' என்றார்கள். தைத்துவந்த சட்டைக்கு ஒரு பொத்தான் குறைந்தாலும் 'தேங்கா போதும்'. அவர் வருவதைக் கண்டால் அந்தப் பேச்சு நிற்கும். அது நின்ற இடத்தில் அவர் அதைக் கேட்டுவிடுவார்.

கடா வெட்டாததால்தான் கால் போனதா என்று அவருக்கே தெரியவில்லை. கடா வெட்டிய வருடங்களிலும் கால் வெட்டுப்பட்டதுண்டு. இரண்டு பேரை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அந்தக் காயங்கள் ஆறிவிட்டன. அது கடாவினாலா, காயம் சிறிதாக இருந்ததாலா என்று அந்த வருடம் முழுவதும் யோசித்துப் பார்த்தார்.

1955 ஆகஸ்டில் ஒன்பதாம் நம்பர் மலையின் முறை. கவ்வாத்துக்காரர்கள் முப்பத்திரண்டு பேரும் மூக்கனை முன்விட்டுச் சொல்லியனுப்பினார்கள்: ரத்தம் இல்லாமல் இந்த வருடம் கத்தி எடுக்கமாட்டோம். ஆண்டியப்பன் பங்களாவுக்குப் போனார். ஒரு நாளைக்கு மட்டும் ஒரு வெள்ளாடு, சாயங்காலத்துக்குள் அது கறியாகிவிடும் என்று கண்டாக்கு மூலம் கேட்டார். துரை ஒத்துக்கொள்ளவில்லை. இன்று ஒன்று வந்தால் நாளைக்குப் பத்து வரும், தீவுகளில் அப்படித்தான் நடந்தது என்றார். பிறகு கொஞ்ச நேரம் பைப்பைக் குடைந்துகொண்டிருந்துவிட்டு, கரிய முகத்துக் கடாவைத் தருவதாகச் சொன்னார். அதன் தகப்பன் ஏற்கெனவே அதோடு சண்டை போடத் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் லயத்தில் இதே பேச்சு. துறையூர்ப் பக்கத்தில் செம்மறியும் வெட்டுவதுண்டு என்று ஒருவர் சொன்னார். அந்தச் செம்மறி வேறு, இது சாமிக்கே தெரியாத பிராணி என்று இன்னொருவர் மறுத்தார்.

"சாமி நம்ம பாட்டன் மடியில வந்துச்சு, இது கப்பல்ல வந்துச்சு" என்றான் மூக்கன். "ரெண்டும் கடலத் தாண்டி வந்ததுதான். பாத்துப் பழகிக்கிரும்."

ஆகஸ்ட் இருபத்திரண்டு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் நம்பர் மலையின் தலைமாட்டில் எல்லோரும் கூடினார்கள். பத்திநாதன் கடாவைக் கயிற்றில் கொண்டுவந்து நிறுத்தினார். மாலை போட்டார்கள். ஆண்டியப்பன் கும்பிட்டுவிட்டு ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார்.

சேம்பிலையில் விட்டதுபோல் தண்ணீர் உருண்டு இரு பக்கமும் ஓடியது. கடா அசையவில்லை. இரண்டாவது செம்பு. மூன்றாவதைத் தலையிலிருந்து வால்வரைக்கும் ஊற்றினார். கடா கழுத்தை வளைத்து மாலையிலிருந்த ஒரு பூவைக் கடித்தது.

"சாமியோட மாலைய சாமிக்கு முந்தி ருசி பாக்குது" என்றான் ஒருவன். ஒருசிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஆண்டியப்பனைப் பார்த்தார்கள். அவர் குடத்தைச் சாய்த்து மிச்சம் முழுவதையும் ஊற்றினார். கடா நின்றபடி அசைபோட்டது.

ஆட்கள் வரப்பில் குந்திவிட்டார்கள். எட்டரை மணிக்குக் கண்டாக்கு மேலே வந்து என்ன தாமதம் என்று விசாரித்தார். விஷயத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை. ஆனால் துரை சொல்லியனுப்பியதைச் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் மலையில் கத்தி இறங்காவிட்டால், கொத்மலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கொந்தராத்துக்கு, அதாவது ஒப்பந்தக் கூலிக்கு, ஆள் எடுக்கப்படும். அப்படி ஒருமுறை எடுத்தால் பிறகு ஒவ்வொரு வருடமும் அவர்களே வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்லிவிட்டுக் கீழே ரோட்டோரம் போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் பத்திநாதன் வாய் திறந்தார்.

"கங்காணியாரே, தண்ணி தோலுக்கே போகலைங்க. மயிருல ஒரு எண்ணெப் பசை இருக்கு. நாள் பூரா மழையில நின்னாலும் உள்ள காஞ்சுதான் கெடக்கும். கத்திரிச்சுப்புட்டு ஊத்துங்க."

"நீ மாதா கோயிலுக்காரன். இதுல ஒனக்கென்னா?" என்றான் மூக்கன்.

"ஒங்களுக்கு சாமி தெரியும். எனக்கு ஆடு தெரியும்."

கத்திரித்த ஆட்டை வெட்டலாமா என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. ஊனமில்லாத கடாதான் ஆகும் என்பது முறை. மயிர் வெட்டினால் ஊனமா? சாமிக்கு மொட்டை போட்டுக்கொள்கிறோமே, அது ஊனமா என்று ஒருவன் கேட்க, அந்தத் தர்க்கம் முடிந்தது. ஆண்டியப்பன் தலையசைத்தார். பத்திநாதன் பங்களாப் பட்டிக்குப் போய்க் கம்பளிக் கத்திரியோடு திரும்பினார். கடாவை உட்காரவைத்து முதுகைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு வயிற்றிலிருந்து தொடங்கினார். அரை மணி நேரத்தில் கம்பளி ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. உள்பக்கம் வெண்ணெய் நிறம். பத்திநாதன் சொன்னதுபோல் காய்ந்துதான் இருந்தது.

"செடிக்கு முந்தி ஆட்டுக்குக் கவ்வாத்து முடிஞ்சிருச்சு" என்றான் மூக்கன்.

எழுந்து நின்ற கடா பாதி அளவுதான் இருந்தது. இளஞ்சிவப்புத் தோலில் கத்திரிக்கோலின் வரிகள் தெரிந்தன. முகட்டிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆண்டியப்பன் புதிதாகக் கரைத்த மஞ்சள் தண்ணீரில் ஒரு செம்பு ஊற்றினார்.

கடா கழுத்திலிருந்து வால்வரை ஆடியது.

"துளுக்கிருச்சு" என்று ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சொன்னார்கள். கடாவை வெட்டக் கத்தியோடு நின்றவன் முன்னால் வந்தான்.

"எங்க துளுக்குச்சு? வெடவெடன்னு நடுங்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கடா ஆடிக்கொண்டேயிருந்தது. துளுக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆடு ஒருமுறை உதறிவிட்டு நிமிர்ந்து நிற்கும். இது நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியவர் ஆண்டியப்பன். ஒரு வார்த்தை போதும். கடா வெட்டப்படும், முப்பத்திரண்டு பேரும் இறங்குவார்கள், கொத்மலை ஆட்கள் வரமாட்டார்கள். கீழே ரோட்டில் கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆண்டியப்பன் ஆட்களைப் பார்க்காமல் வரப்பின் மேல்பக்கம் திரும்பினார். அங்கே ஊன்றுகோலோடு அழகுமுத்து நின்றுகொண்டிருந்தான். வேலைக்கு நேரமாகியும் அவன் ஸ்டோருக்குப் போகவில்லை.

"நீ என்னாடா சொல்ற?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? நான் இனிமே செடி வெட்டப்போறதில்ல."

"சொல்லு."

அழகுமுத்து ஊன்றுகோலை ஊன்றி ஓரடி கீழே இறங்கினான். "ஒரு வருசமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன் மாமா. சாமி குத்தம்னா எங் கால ஏன் எடுத்துச்சு? தேங்கா போதும்னு சொன்ன நாக்கயில்ல எடுத்திருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கோபமாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. உண்மையாகவே கேட்டான். ஆண்டியப்பன் கையிலிருந்த செம்பைக் கல்லருகே வைத்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"துளுக்கல. மயிர வெட்டினதால வந்த குளிரு இது. குளிரப் பாத்து உத்தரவுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன வருசம் ஒரு வார்த்த சொன்னேன். அது பொய்யா நெசமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. இது பொய்யின்னு தெரியுது."

"அப்ப கடா?"

"அவுத்து விடுங்க."

"அப்ப நாங்க?" என்றான் மூக்கன்.

"எறங்குங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஒங்க காலு, ஒங்க இஷ்டம். நான் எறங்குறேன்."

மழைக்கும் முள்ளுக்கும் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை அவர் அவிழ்த்தார். பத்திநாதனின் கத்திரியை வாங்கிச் சாக்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்து இடது காலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றிக் கட்டினார். கற்களில் சாத்தியிருந்த கத்திகள் தேய்ந்தவை. பக்கத்தில் நின்றவனின் கத்தியைக் கேட்டு வாங்கினார். முதல் நிரையின் முதல் செடிக்கு முன்னால் போய்க் குனிந்தார். கங்காணியானபின் அவர் செடி வெட்டியதில்லை. முதல் கிளை ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டாவது வந்தது.

பத்திநாதன் கழற்றிய கம்பளியையே கடாவின் முதுகில் போட்டுக் கயிற்றால் கட்டி, அதைக் கூட்டிக்கொண்டு போனார். அழகுமுத்து ஸ்டோருக்குப் போகும் குறுக்குவழியில் இறங்கினான்.

நாலு செடி முடியும்வரை யாரும் அசையவில்லை. மூக்கன்தான் எழுந்தான். அவனும் படங்கை அவிழ்த்துக் காலில் சுற்றினான்.

"கங்காணி வெட்டுற வெட்டப் பாத்தா சாமி காவல் நமக்கில்ல, செடிக்குத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நிரையில் நின்றான்.

பன்னிரண்டு மணிக்குக் கண்டாக்கு மலையைப் பார்த்துவிட்டு, வேலை தொடங்கியாயிற்று என்று ஆபீசுக்கு எழுதியனுப்பினார். எத்தனை பேர் என்று எழுதவில்லை. அன்று மாலைவரை வெட்டியவர்கள் ஐந்து பேர். செவ்வாய்க்கிழமை பதினான்கு. வியாழக்கிழமை இருபத்தெட்டு. வெளியாட்கள் எடுக்கப்படவில்லை. கடாவுக்குச் சளி கட்டியது. பத்திநாதன் அதைப் பசுப்பட்டியில் வைத்துப் பார்த்தும் செப்டம்பர் முதல் வாரத்தில் அது செத்தது.

ஒன்பதாம் நம்பர் மலை செப்டம்பர் பதினேழாம் தேதி முடிந்தது. கையில் வெட்டுப்பட்டவர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருவருக்கு நாலு தையல். நாலு பேர் கடைசிவரை கத்தி எடுக்கவில்லை. அவர்கள் புல்லு வெட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார்கள்.